ஏழு துணிக்குள்

தடாரென்று கொட்டகையின் தகரக் கதவு பிய்த்துக்கொண்டு முற்றத்தில் உருண்டது. சர்பிநாஸ் ஓடிவந்து வாசல் கதவைத் தாழிட்டாள். நண்பகல் வெயில் மஞ்சளாகி, அழுக்குக் கஞ்சியின் நிறத்துக்கு மாறியிருந்தது. கடல் வற்றிப்போன படுகையிலிருந்து கிளம்பிய உப்புப் புயல், உரமும் பூச்சிமருந்துமாக நாறிக்கொண்டு முய்னாக் ஊருக்குள் நுழைந்துவிட்டது.

“சன்னலுக்கு ஈரத்துணி போடுடி!” என்று கத்தினாள் நாத்தனார் அர்ஸாயிம். “என் தம்பி கசாக் நாட்டுல ஜம்முனு செங்கல் அடுக்குறான். தூசி திங்கிறதுக்கு நாம ரெண்டு பேரு!”

“அங்க மட்டும் பூமழையா பெய்யுது மதினி?”

சிரிக்க வாய் திறந்ததற்கே பல்லில் மண் நறநறத்தது.

மரத்தொட்டிலில் மூன்று மாதப் பிள்ளை மீர்பெக் இருமினான். ஊர் வழக்கப்படி கைகால்களைப் பட்டைத்துணியால் கட்டி, தொட்டிலின் மேல் ஏழு துணி போர்த்தியிருந்தாள். அந்த ஏழு துணியையும் தாண்டி ஈகூட நுழையாது. ஆனால் இருமல், பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்ப்பதுபோல் கரகரவென்று வந்தது.

துணிகளுக்குள் தலையை விட்டு, பிள்ளையின் மூக்கில் வாய்வைத்து உறிஞ்சினாள். கசப்பான, கொழகொழப்பான ஒன்று நாக்கில் விழுந்தது. கிண்ணத்தில் துப்பினாள். சாம்பல் நிறக் கட்டி. குழைத்த சிமெண்டுபோல் மெல்லப் பரவி அடங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கார் கேட்டாள். “கண்ணே தெரியலம்மா, காத்து நிக்கட்டும்” என்று ஓட்டுநர் போனை வைத்துவிட்டான். அதுவரை பிள்ளை மூச்சுவிட வேண்டும்.

“பால் குடு. உள்ள போன தூசியெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிரும்” என்றாள் அர்ஸாயிம். அந்த ஊரில் எல்லாத் தாய்மார்களும் நம்பிய மருந்து அதுதான்.

கட்டை அவிழ்க்காமல், தொட்டிலின் மேல் குனிந்து, துணிகளின் இருட்டுக்குள்ளேயே மார்பைக் கொடுத்தாள். மீர்பெக் ஆவலாகக் குடித்தான். குடித்து முடித்ததும் முன்னைவிட மோசமாக இருமினான்.

தலையை வெளியே எடுத்து மேல்துணியைத் தடவினாள். சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் சுத்தம். மூன்றாவதும். பிள்ளையின் முகத்துக்கு அருகிலிருந்த ஏழாவது துணியின் உள்பக்கம் மட்டும் சொரசொரத்தது. அங்கே விரல் கனத்துக்குத் தூசி அப்பியிருந்தது.

உதறினாள். துடைத்தாள். மறுபடி பால் கொடுத்தாள். மறுபடி இருமல். மறுபடி தூசி, இப்போது எச்சில் கலந்து பிசுபிசுவென்று.

“மதினி... தூசி வெளியிலேருந்து வரல.”

“உளறாதே. வேற எங்கேருந்து வரும்?”

“இவன் வாயிலேருந்து வருது.”

அர்ஸாயிம் டார்ச் விளக்கைத் தேடப் போனாள்.

சர்பிநாஸ் மறுபடி துணிக்குள் புகுந்தாள். இருட்டு. புளித்த பால் வாடை. அதன் அடியில் பூச்சிமருந்து நாற்றம். விரலால் பிள்ளையின் வாயைத் துழாவினாள். ஈறுகளில் ஈரமண். நாக்கின் அடியில் மண். தோண்டினாள். வந்துகொண்டே இருந்தது. பிள்ளை விரலைச் சப்பினான். பசி. பாவம், பசி.

கழுவிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு தடவை.

மார்பை அவன் வாயில் வைத்தாள். அவன் உறிஞ்சினான். பொலபொலவென்று ஏதோ உதிரும் சத்தம்.

ஏழு துணியும் ஒரே இழுப்பில் விலகின. டார்ச் வெளிச்சம் அவள் நெஞ்சில் விழுந்தது. அர்ஸாயிமின் கை அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

“எடுத்துருடி... புள்ள வாயிலேருந்து எடுத்துரு... உன் மார்லேருந்து வர்றது பால் இல்ல.”