பின்சீட்டின் இடது பக்கம்

பழைய கார் விற்கும் அந்த இடத்துக்கு அவளும் மாமாவும் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. வரிசையாக நின்ற கார்களின் முன்கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ட்டால் விலை எழுதியிருந்தார்கள். சில எண்கள் மழையில் கரைந்து வழிந்திருந்தன. கரைந்த எண்ணெல்லாம் நமக்குச் சாதகம் என்றார் மாமா.

மாமா இதுவரை ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வாங்கியதில்லை. ஆனால் கார் என்று பேச்செடுத்தால் வாயாலேயே இன்ஜினைக் கழற்றி மாட்டிவிடுவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அன்று விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் தன் தம்பியைத் துணைக்கு அனுப்பியிருந்தாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பர்ஸில் இருந்த லைசென்ஸில் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. அவள் வயதில் மற்றவர்கள் முதல் காரை ஊர் சுற்றத்தான் தேடுவார்கள். அவள் தேடியது தம்பியின் கால்களுக்காக. சுண்டெலி என்று வீட்டில் கூப்பிடும் அந்த ஏழு வயதுப் பையனின் இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை உண்டு. அவனுக்கு நடைப்பயிற்சி கொடுக்கும் இடம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. அவன் படியேறி முடிக்கும்வரை எந்தப் பஸ்ஸும் காத்திருப்பதில்லை. இனி ஒரு வகுப்பு தவறினாலும் இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லிவிட்டார். இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நிற்க ஆரம்பித்திருந்தான்.

முதலில் பார்த்த வெள்ளைக் கார் கிளப்பியதும் நீலப் புகை கக்கியது. அடுத்ததாக இருந்த சிவப்புக் காரைப் பார்ப்பதற்கே காசு கேட்பார்கள் போலிருந்தது. மூன்றாவதாக ஒன்று, பின்சுவரை ஒட்டித் தனியாக நின்றது. சாம்பல் நிறம். கீறல் இல்லை. விலை மற்றவற்றில் பாதி.

கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை மூக்கில் அறைந்தது.

வாசனை அதிகமாக இருந்தால் அடியில் ஏதோ நாற்றம் இருக்கிறது என்று அவள் போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் சொல்லியிருந்தார். பெரிய மழையில் மூழ்கிய கார்களைத் தேய்த்துக் கழுவி, சீட்டும் விரிப்பும் மாற்றி விற்றுவிடுவார்களாம். ஆனால் சீட் பெல்ட்டை மறந்துவிடுவார்களாம். முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை அப்படியே இருக்கும்.

அவள் ஒவ்வொன்றாக இழுத்தாள். டிரைவர் பக்கம் புதிது. பக்கத்து சீட்டும் புதிது. பின்னால் வலது பக்கமும் பளபளவென்று வந்தது.

பின்னால் இடது பக்கம் இருந்தது மட்டும் பழசு. வெளுத்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

அது திரும்ப இழுத்தது.

சிக்கிக்கொண்ட பொருளின் முரட்டுத்தனம் அதில் இல்லை. போகாதே என்று சட்டைக்கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கும் சின்னப் பிள்ளையின் பலம்தான் இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டாள். ஈரத்தில் வழுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று பெல்ட் புதிது, ஒன்று மட்டும் ஏன் பழசு என்ற கேள்வி வந்தது. வந்த கேள்வியைப் பேரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றியதும் பதிலைத் தேட மறந்துபோனாள்.

“பெல்ட் ஜாமாயிருக்கு. குறைச்சுக் குடுங்க,” என்றாள்.

“போன்ல படிச்ச டாக்டர் நோயைக் கண்டுபிடிச்சுட்டா,” என்று மாமா சிரித்தார்.

கடைக்காரர் பேரமே பேசவில்லை. அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஒரு தொகையைச் சொன்னார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

“வீட்ல சின்னப் பசங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“தம்பி இருக்கான்.”

அவர் ஈரத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “முன்னாடியே உக்கார வைங்க,” என்றார். சின்னப் பிள்ளையை முன்னால் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதே என்றார் மாமா. கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதல் நாள் சுண்டெலியை அவள் பின்னால் வலது பக்கம்தான் உட்கார வைத்தாள். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தபோது அவன் இடது பக்கம் இருந்தான். அந்தப் பழைய பெல்ட் அவன் மார்பின் குறுக்கே ஒழுங்காகப் படிந்திருந்தது.

“எப்படிடா வந்துச்சு?”

“நான் இழுக்கலக்கா. அதுவா வந்துச்சு.”

சுண்டெலிக்கு மட்டும் அடங்குகிறது பார் என்று முன்சீட்டில் இருந்த மாமா பெருமைப்பட்டுக்கொண்டார். அவளும் நிம்மதியாகவே உணர்ந்தாள். அந்த நிம்மதி, பயிற்சி முடிந்து வீட்டில் அவன் சட்டையைக் கழற்றும்வரை நீடித்தது. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை சட்டை ஈரமாக இருந்தது. பெல்ட்டின் அகலத்துக்கு, மண் நிறத்தில் ஒரு பட்டை. முகர்ந்தாள். தேங்கிய தண்ணீரின் வாடை.

அம்மா அதைத் துவைத்தாள். ஆயிரம் பேருடைய கறையைத் துவைத்த கை. எங்கே உட்கார வைத்தாலும் அவன் இடது பக்கமே போய்விட, மறுநாளும் அந்தப் பட்டை வந்தது. அதற்கு மறுநாளும்.

கார் வந்தபிறகு அவன் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. பயிற்சியில் பிடித்து நடக்கும் கம்பியை விட்டுவிட்டு மூன்றடி நடந்தான். அன்று அம்மா சமையலறையில் யாருக்கும் தெரியாமல் அழுதாள். அதே நாளில்தான், காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள், அவன் பின்சீட்டில் பேசுவதை முதன்முதலாகக் கவனித்தாள். போனில் பேசுகிறவன்போல விட்டுவிட்டுப் பேசினான். பதிலுக்குக் காத்திருந்தான். சில சமயம் சிரித்தான்.

“யாருகூடடா பேசற?”

“இவன்கூடத்தான். இவனுக்கு இருட்டுன்னா பயமே இல்லக்கா. தண்ணின்னாதான் பயம்.”

அவள் காரை ஓரம் கட்டினாள். திரும்பிப் பார்த்தாள். சுண்டெலி சுவரோரம் படுப்பவன்போலக் கதவோடு ஒண்டி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில், இன்னொரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு, சீட் லேசாக அமுங்கியிருந்தது.

மறுநாளே மாமாவைக் கூட்டிக்கொண்டு கார் கடைக்குப் போனாள். கொடுத்ததில் பாதியைத் தந்தால்கூடப் போதும், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கடைக்காரர் காரின் பக்கம் திரும்பாமலே பேசினார். இதற்கு முன்பும் சிலர் திருப்பிக் கொண்டுவந்ததாகவும், தானும் எடுத்துக்கொண்டதாகவும், இனித் தன்னிடம் தெம்பு இல்லை என்றும் சொன்னார். மாமா குரலை உயர்த்தினார். பெல்ட்டைக்கூட ஒழுங்காக மாற்றாமல் தலையில் கட்டிவிட்டீர்களே என்றார்.

கடைக்காரர் அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“நாலையும்தாம்மா புதுசா மாத்தினேன்,” என்றார் தணிந்த குரலில்.

மாமா அதன்பிறகு வீடு வரும்வரை ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். இந்த மாதம் மட்டும் ஓட்டு, அவன் கொஞ்சம் நடந்துவிட்டால் விட்டுத்தொலைக்கலாம் என்றாள். வேறு வழி இருந்தால் சொல் என்றும் கேட்டாள். அவளிடம் வேறு வழி இல்லை. முதலில் அந்த வாடை போகட்டும், நல்லா தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு வா என்று அம்மா அனுப்பினாள்.

பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் வண்டி கழுவும் இடம் ஒன்று இருந்தது. தம்பியை இறங்கச் சொன்னாள். கால் வலிக்கிறது, நுரையை உள்ளே இருந்தே பார்க்கிறேன் என்றான். கழுவுகிறவரும், பிள்ளை ஆசைப்படுகிறானே, கண்ணாடி ஏறித்தானே இருக்கிறது என்றார். அவள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நின்றாள்.

பட்டப்பகல். பக்கத்தில் யாரோ ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நுரை காரின் மேல் கொட்டியது. சுண்டெலி உள்ளிருந்து கையசைத்தான். நுரை அவன் முகத்தை மூடியது.

கழுவுகிறவர் குழாயைத் திறந்தார். மோட்டார் இரைந்தது.

இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. கதவை உள்ளிருந்து தட்டும் சத்தம்.

சாவியில் பொத்தானை அமுக்கினாள். பூட்டு திறந்தது. கைப்பிடியைத் தொடுவதற்குள் மூடிக்கொண்டது.

மறுபடி அமுக்கினாள். திறந்தது. மூடியது.

முழங்கையால் நுரையை வழித்துவிட்டு உள்ளே பார்த்தாள்.

உள்ளே தண்ணீர் இருந்தது.

பழுப்புத் தண்ணீர். தம்பியின் கழுத்துவரை. அசையாமல். அவன் முகம் அவள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் எதையோ குனிந்து பார்த்து, ஆறுதல் சொல்கிறவன்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கண்ணாடியில் குத்தினாள். தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டது. அம்மா இல்லை, மாமா இல்லை, இரண்டு கையும் சாவியும் மட்டும் இருந்தன. அவை எதற்கும் உதவவில்லை.

கழுவுகிறவர் ஓடிவந்து ஸ்பேனரால் அடித்தார். கண்ணாடி உதிர்ந்தது.

ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

சீட் காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. சுண்டெலியின் தலைமுடியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. காது மடலில் சேறு. பெல்ட் அவன் மார்பை இறுக்கியிருந்தது. கொக்கியின் பொத்தான் இறங்கவே இல்லை. கழுவுகிறவர் கத்தி கொண்டுவந்து பெல்ட்டை அறுத்தார்.

அறுபட்டதும், எத்தனை இழுத்தும் வராத அந்தப் பெல்ட் உள்ளிருந்து தானாக அவிழ்ந்து வந்தது. முழம் முழமாக, சொதசொதவென்று வந்து அவள் காலடியில் குவிந்தது. அதன் உட்பகுதி முழுக்கச் சேற்றுக்கறை. ஓரத்தில், நூல் பிரிந்த இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

பல் தடங்கள். பால் பற்கள். முன்னால் ஒரு பல் விழுந்த வாய்.

தம்பியை வாரி எடுத்துக்கொண்டாள். அவன் உடம்பு ஜில்லென்று இருந்தது. பயந்தவன்போலவே இல்லை.

“தட்டிட்டு இருந்தியே, கொக்கியை அமுக்க வேண்டியதுதானேடா?”

“நான் தட்டலக்கா. அவன்தான் தட்டினான்.” பிறகு, “அமுக்கினா நான் மட்டும்தானே வெளிய வருவேன்,” என்றான்.

காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மாமா ஆள் வைத்து அதை இரும்புக்கடைக்கு இழுத்துப்போனார். தகடாக நசுக்கும்வரை கூடவே நின்று பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், “முடிஞ்சுதுக்கா,” என்றார்.

பயிற்சியை விட முடியவில்லை. விடிந்ததும் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஒரு டிரைவர் மட்டும் அவன் ஏறும்வரை பொறுமையாக நின்றார். உள்ளே மூன்று பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. அவள் வழியோரம் உட்கார்ந்தாள். சுண்டெலி ஜன்னலோரம் போகாமல், அவளை நெருக்கிக்கொண்டு, நடுவில் உட்கார்ந்தான்.

“தள்ளி உக்காருடா. அவ்வளவு இடம் இருக்கே.”

“ஆள் இருக்குக்கா.”

பஸ் கிளம்பியது. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. நல்ல வெயில். அந்தப் பஸ்ஸில் எங்கேயும் பெல்ட் கிடையாது. அதை அவள் ஏறும்போதே பார்த்திருந்தாள்.

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். அவன் முன்னால் விழுந்துவிடாமல் இருக்க அவள் கையை அவன் மார்பின் குறுக்கே நீட்டித் தடுத்தாள். உள்ளங்கை ஜன்னல் பக்கம் போய், காலியான சீட்டில் ஊன்றியது.

சீட் ஈரமாக இருந்தது.

பஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

போகாதே என்பதுபோல, யாரோ அவள் சட்டைக்கையைப் பிடித்து மெல்லத் திரும்ப இழுத்தார்கள்.