பத்ராஸ் குன்றில் சாய்ந்த கொடி

“அண்ணை, குதிரையிலை வந்தது ஆர்?”

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்த கையோடு வந்த மேரிசெலின், குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள். சிவபாலன் நிதானமாகத் தேநீர் ஆற்றினார். காலுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒற்றைக் காலுறையைப் பார்த்தே மற்றதைப் போட்டிருப்பவனின் வயதைச் சொல்லிவிடுவார். இரண்டு முறைதான் தவறியது. அவருடன் வேலை செய்யும் தேவராஜா, துப்புத் துலக்கும் வேலை என்றதுமே கார்ச் சாவியை எடுத்துவிட்டான்.

“இரு தம்பி. பிள்ளை, முழுக்கச் சொல்லு.”

மறுநாள் அவளுக்குப் பொலிசில் அகதி விசாரணை. துணைக்கு வருவதாகச் சொன்ன, பெர்லினில் இருக்கும் அவள் அண்ணனிடமிருந்து தகவலே இல்லை. பாதிரியார் சொன்ன கதை ஒன்றுதான் அவளுக்குத் தெம்பாக இருந்தது. பைசாந்தியப் பேரரசின் பத்ராஸ் நகரை எதிரிகள் முற்றுகையிட்டார்கள். உதவிப் படை வருகிறதா என்று பார்க்க ஒருவன் கொடியோடு குதிரையில் குன்றுக்குப் போனான். வந்தால் கொடியைச் சாய்க்க வேண்டும், வராவிட்டால் நேராகப் பிடிக்க வேண்டும். கொடி சாய்ந்தது. சனம் நகரக் கதவைத் திறந்து பாய்ந்தது. குதிரையில் ஒருவர் முன்னே வந்தார், எதிரி ஓடினான். படை வந்ததோ மூன்று நாள் கழித்து. வந்தவர் அந்திரேயா அப்போஸ்தலர் என்றது ஊர்.

“மேல்வீட்டு இன்பநாதன் சிரிக்கிறார், அண்ணை. குதிரை சறுக்கித்தான் கொடி சாய்ஞ்சதாம். அங்கை ஒருத்தரும் வரேல்லை எண்டால் எனக்கும் ஆர் வருவினம்? நான் நாளைக்குப் போகேல்லை.”

சிவபாலன் தேவராஜாவின் பக்கம் திரும்பினார்.

“போன மாசம் பக்கத்து வீட்டுக் கம்பத்திலை கொடி ஏறினவுடனை நீ என்ன செய்தனி?”

“அரசாங்க விடுமுறை எண்டு படுத்திட்டன்.” அவன் நெளிந்தான். “அந்தக் கிழவிக்குப் பிறந்தநாளாம். டெனிஸ்காரர் அதுக்கும் கொடி ஏத்துவினம் எண்டு எனக்கென்ன தெரியும்?”

“நான் சைக்கிளிலை பறந்து வந்து, வேலைக்கு எழும்படா எண்டு கையை ஆட்டினன். ஜன்னலாலை பார்த்து என்ன நினைச்சாய்?”

“விடுமுறைக்குக் கேக் தின்னக் கூப்பிடுறியள் எண்டு.”

“அதுதான் துப்பு. சறுக்கினவன் எழும்பிப் பார்க்கிறான், கதவு திறந்திட்டுது. ஐயோ, பொய் அடையாளம்! சனத்தை மறிக்க வேணுமெண்டு குதிரையை விரட்டிக்கொண்டு கத்திக் கத்தி இறங்கியிருப்பான். ஊருக்கு அது உதவி. எதிரிக்கு அது முன்னணிப் படை.”

“பிறகு ஏன் அவன் உண்மையைச் சொல்லேல்லை?” என்றான் தேவராஜா.

“சண்டையிலை வெண்ட ஊரிலை நிண்டு, நான் விழுந்தனான் எண்டு நீ சொல்லுவியோ? எல்லாம் என்ரை ஊகம்தான். குறுக்கு விசாரணைக்கு ஆள் உயிரோடை இல்லை.”

மேரிசெலினின் கண் கலங்கியிருந்தது. “அப்ப அந்திரேயா?”

“குதிரையைச் சறுக்க வைச்சது ஆர் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. அது உன்ரை பக்கம். ஆனால் படை வர முதலே கதவைத் திறந்தது அந்தச் சனம். அதிலை சந்தேகமில்லை.”

அவள் குடையை மடக்கினாள்.

“தேவராஜா, நாளைக்கு எட்டு மணிக்குக் கார் வேணும். முன்சீற்றிலை நான் இருப்பன்.”

“அண்ணன் வந்தால், அக்கா?”

“பின்னாலை ஏறட்டும்.”