டிஸ்க் மாறும் நேரம்

லபீப் டிராமிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. அலெக்ஸாந்திரியாவின் இப்ராஹிமிய்யா சந்துகளில் மட்டும் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பழைய கிரேக்கர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கேம் கடைக்குள் நுழைந்தான். சுவரோரம் ஆறு டிவிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேம் பெட்டி. ஈரச் சுண்ணாம்பும் சிகரெட்டும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த பழகிய வாசனை. கல்லாவில் இருந்த ருஷ்தீ தலையை மட்டும் அசைத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்புவரை அந்தக் கடைக்கு இரண்டு முதலாளிகள். மற்றவன் தர்வத். 'துடைப்பம்' என்று அலெக்ஸாந்திரியாக்காரர்கள் பேர் வைத்திருக்கும் நவம்பர்ப் புயலில் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் கிடந்த பெட்டிகளை மேலே தூக்கி வைக்கப்போன தர்வத்தை மின்சாரம் பிடித்துக்கொண்டது. அடக்கத்தன்று எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் ருஷ்தீதான். நாற்பதாம் நாள் முடிந்த பிறகே கடையைத் திறந்தான்.

லபீப் சட்டக்கல்லூரி மாணவன். நான்கு டிஸ்க்குகளில் வரும் ஒரு நீண்ட சாகச விளையாட்டை இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்தான். அன்று முதல் டிஸ்க் முடிகிற கட்டம். கோட்டை எரிந்தது, கதாநாயகி ஆற்றில் விழுந்தாள், இசை உச்சத்துக்கு ஏறி அறுந்து நின்றது. திரை கறுத்தது. அடுத்த டிஸ்க்கைப் போடச் சொல்லும் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன.

இந்த நேரத்தைப் பற்றித்தான் ருஷ்தீக்கும் தர்வத்துக்கும் ஓயாத சண்டை. நடுவில் டிஸ்க்கை மாற்றச் சொல்வது ஆட்டத்தையே கெடுத்துவிடுகிறது என்பான் ருஷ்தீ. அசந்து தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, கொஞ்சம் எழுந்திரு, தலையணையை மாற்றவேண்டும் என்று சொல்கிற மாதிரி என்பான். தர்வத் ஒப்புக்கொள்ளவே மாட்டான். நல்ல கதையில் ஒரு பாகம் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பாமல் சும்மா உட்கார்ந்திருப்போமே, அந்தச் சுகம்தான் இது என்பான். யாராவது டிஸ்க்கை மாற்றுகிற கட்டத்துக்கு வந்துவிட்டால் போதும், எல்லோரையும் கூப்பிட்டுச் சுற்றி உட்கார வைப்பான். புதினா டீ வரும். இனி என்ன நடக்கும் என்று ஆளாளுக்கு வாதாடுவார்கள். பையன்கள் அவனுக்காகவே கடைக்கு வந்தார்கள். சொந்தக் கடையிலேயே தன்னை யாரும் கண்டுகொள்வதில்லை என்று ருஷ்தீ ஒருமுறை லபீபிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

லபீப் கேம் பெட்டியின் மூடியைத் திறந்தான். டிஸ்க் சுழன்று, தள்ளாடி, நின்றது.

கடையில் அப்படியொரு அமைதி வந்து அவன் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வாசனை. நனைந்த கம்பளியும் கருகிய முடியும்.

டிவியின் ஒலிபெருக்கியிலிருந்து யாரோ மூச்சுவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, வலியோடு விடுகிற மூச்சு.

"ருஷ்தீ."

லபீபின் கை மூடியின்மேல் அப்படியே நின்றது.

"அணைடா, ருஷ்தீ."

அது தர்வத்தின் குரல். லபீபுக்குத் துளி சந்தேகமும் இல்லை. திரும்பிப் பார்த்தான். ருஷ்தீ டீக் கோப்பையைப் பாதி வழியில் பிடித்தபடி நின்றிருந்தான். கொதிக்கும் டீ அவன் விரல்களில் வழிந்தது. அவனுக்கு அது உறைக்கவேயில்லை. ஏதோ ரேடியோ அலை குறுக்கே வந்திருக்கும் என்று அவசரமாகச் சொல்லி, ஓடி வந்து டிவியின் ஒலியைக் குறைத்தான்.

மறுநாள் கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: ஒற்றை டிஸ்க் ஆட்டங்கள் மட்டும். கேட்டவர்களுக்கெல்லாம் ருஷ்தீ பழைய பாட்டையே பாடினான். நடுவில் எழுந்து டிஸ்க்கை மாற்றுவது ரசனையைக் கொல்கிறதாம், இனி இந்தக் கடையில் அந்தத் தொல்லை கிடையாதாம். பையன்கள் முணுமுணுத்துவிட்டுப் பந்தாட்டத்துக்கும் கார் பந்தயத்துக்கும் மாறிக்கொண்டார்கள். பல டிஸ்க் ஆட்டங்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி, கடற்கரைச் சாலைக்குக் கொண்டுபோய் அலைத்தடுப்புக் கற்களுக்கு அப்பால் வீசிவிட்டான்.

லபீப் இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள் ஃபெரியால், தர்வத்தின் தங்கை. சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தான். அவள் கறுப்பு உடையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவள் பயப்படவுமில்லை, அழவுமில்லை. மருந்துப் புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அணைடான்னா சொன்னான்? நல்லா கேட்டியா?"

"ரெண்டு தடவ பேர் சொன்னாங்க. ருஷ்தீன்னு."

அவள் கை நின்றுவிட்டது. தர்வத் செத்த அன்று தான் கடையிலேயே இல்லை என்றுதான் ருஷ்தீ எல்லோரிடமும் சொல்லியிருந்தான். ரொட்டி வாங்கப் போயிருந்தானாம், திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்ததாம். அவள் வீட்டுக் கூடத்தில், அவள் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

இல்லாத ஆளையா ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான்?

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு, லபீபை உடன் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அன்றும் கடல் பொங்கியிருந்தது. நடுப்பகலிலேயே தெரு இருண்டு கிடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. அவள் பையிலிருந்து தர்வத்தின் ஆட்டம் சேமிக்கப்பட்ட மெமரி கார்டையும், அவன் வீட்டில் வைத்திருந்த அதே சாகச ஆட்டத்தின் நான்கு டிஸ்க்குகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன் பாதியில விட்டுட்டுப் போனத நான் முடிக்கணும், ருஷ்தீ அண்ணா."

ருஷ்தீ என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். பெட்டி பழுது என்றான். புயல் வரப்போகிறது, கடையை மூட வேண்டும் என்றான். வேண்டுமானால் பெட்டியையே வீட்டுக்கு எடுத்துப்போ, தருகிறேன் என்றான். அவள் நடுவில் இருந்த டிவியின் முன் உட்கார்ந்தாள்.

தர்வத் இரண்டாம் டிஸ்க்கின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தியிருந்தான். அவளுக்கு ஆடத் தெரியாது. லபீப் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, பொத்தான்களை அழுத்தினாள். வெளியே காற்று இரும்புக் கதவை அடித்துக்கொண்டிருந்தது. ருஷ்தீ கல்லாவுக்குப் போகாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

பாலம் இடிந்தது. இசை நின்றது. திரை கறுத்தது.

"மூடியத் தொறக்காத," என்றான் ருஷ்தீ. குரல் மெலிந்திருந்தது.

ஃபெரியால் திறந்தாள்.

டிஸ்க் நின்றது. காற்றும் நின்றதுபோல் இருந்தது.

அந்த வாசனை முதலில் வந்தது. பிறகு கறுத்த கண்ணாடித் திரையில் அவர்கள் மூவரின் நிழலும் தெரிந்தது. அவள், லபீப், பின்னால் ருஷ்தீ.

ருஷ்தீக்குப் பின்னால் இன்னொருவன் நின்றிருந்தான்.

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"ருஷ்தீ, அணைடா. கை ஒட்டிக்கிச்சுடா. அணைடா."

ஃபெரியால் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ரொட்டி வாங்கப் போனேன்னு சொன்னீங்க."

ருஷ்தீ தரையில் உட்கார்ந்துவிட்டான். சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சைக் காட்டினான். அங்கேதான் நின்றேன் என்றான். அதற்கு நேர் கீழேதான். தர்வத் கத்தியதும் கை அதன்மேல் போனது. போன பிறகு ஒரு எண்ணம் வந்தது. ஒரே ஒரு எண்ணம். இவன் இல்லாவிட்டால் கடை எப்படி இருக்கும் என்று.

"அப்புறம் கை அசையல, ஃபெரியால். அல்லா மேல சத்தியமா, அசையல."

"அசையலையா? அசைக்கலையா?"

அவன் பாய்ந்து எழுந்தான். டிவியின் வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினான். திரையில் வெள்ளை எழுத்துகள் அப்படியே எரிந்தன. ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இரண்டு கையாலும் கீழே இறக்கினான். கடையின் விளக்குகள் போயின. மற்ற ஐந்து பெட்டிகளின் சிவப்புப் புள்ளிகள் போயின.

நடுவில் இருந்த டிவி மட்டும் அணையவில்லை.

அதிலிருந்து, ரொம்பப் பொறுமையாக, அந்தக் குரல் கேட்டது.

"இப்பவா அணைக்கற?"

ருஷ்தீ அலறிக்கொண்டு வந்து அந்த டிவியைத் தூக்கி எறிய வலது கையை வைத்தான். கை அதில் ஒட்டிக்கொண்டது. அவன் உடம்பு வில்லாக வளைந்தது, குதிகால்கள் தரையில் படபடவென்று அடித்தன. பிடுங்கிய வயர் அவன் காலடியில் அறுந்த கொடிபோல் கிடந்தது.

"அணை," என்றான் ஃபெரியாலைப் பார்த்து. "அணை."

அவள் அவனுக்காக ஓடினாள். அது உண்மை. லபீப் பார்த்தான். ஸ்விட்சின் கைப்பிடியைப் பிடித்தாள், இழுத்தாள், தொங்கினாள். ஏற்கெனவே இறங்கியிருந்த ஸ்விட்சை இன்னும் எங்கே இறக்குவது?

உள்ளே இருந்த யாரோ போதும் என்று நினைத்ததுபோல், அது அவனை விட்டது. அவன் மல்லாக்க விழுந்தான். மூச்சு இருந்தது.

ருஷ்தீ சாகவில்லை. ஆனால் அந்த வலது கை மூடியது மூடியதுதான், வைத்தியர்களால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. அவனாகவே போலீசுக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டான். ஒருவன் ஸ்விட்சை அணைக்கவில்லை என்பதை என்ன குற்றமாக எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடையை மூடிவிட்டு தமன்ஹூரில் இருந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தான்.

ஃபெரியால் அண்ணனின் ஆட்டத்தை விடவில்லை. லபீப் வேறொரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். வாரக்கணக்கில் தனியாக ஆடக் கற்றுக்கொண்டு, ஒரு மாலை மூன்றாம் டிஸ்க்கை முடித்தாள். திரை கறுத்தது. மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். டிராம் போகும் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். வேறொன்றும் இல்லை. எழுந்துபோய் டீ போட்டாள். கோப்பையோடு திரும்பி வந்து, கதையில் செத்தவர்களையும் இனி சாகப்போகிறவர்களையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எதுவும் கெட்டுப்போகவில்லை. அண்ணன் சொன்னது சரிதான் என்று பட்டது. அவன் போய்விட்டான் போலிருக்கிறது என்றும் பட்டது. அதில் நிம்மதியும் இருந்தது, ஏக்கமும் இருந்தது.

நான்காம் டிஸ்க்கை எடுத்தபோது தொலைபேசி அடித்தது.

"கண்ணு, நான் ருஷ்தீயோட அம்மா பேசறேன்."

ஃபெரியால் டிஸ்க்கைக் கீழே வைத்தாள்.

அந்த அம்மாள் கிசுகிசுப்பாகப் பேசினாள். தன் மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தனக்கு வாயில்லை என்றாள். ஆனால் அவன் தூங்கி எத்தனையோ நாளாகிறது, வெளிச்சம் உறுத்துகிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறான் என்றாள்.

"லைட்ட அணைச்சுப் பாத்தீங்களா?"

மறுமுனையில் அந்த அம்மாள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

"பல்ப கழட்டி என் கையில வச்சிருக்கேன், கண்ணு. ரூம்ல வெளிச்சம் அப்படியே இருக்கு."