நாற்பத்தோராவது நொடி

நாலு மணி பத்துக்கு மழை பிடித்தது. நாலேகாலுக்கு அவள் கடைக்குள் வந்தாள்.

ஒதுங்க வந்தவள் என்றுதான் அவன் நினைத்தான். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பழுதுக் கடைக்கு மழை நாளில் அப்படிப் பலர் வருவார்கள். எதையாவது விலை கேட்பார்கள், மழை விட்டதும் போய்விடுவார்கள். இவள் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு நேராக மேஜைக்கு வந்தாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தாள்.

"இதை ஃபார்மட் பண்ணணும். வீட்ல எத்தனையோ தடவை பண்ணிப் பார்த்துட்டேன். முடியலைன்னே சொல்லுது."

அவன் நிமிர்ந்தான். இமைகளில் மழை ஒட்டியிருந்தது. அவள் துடைக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்... கண்களை, நேராக, கூச்சமே இல்லாமல். அவனுக்குக் காது சூடாயிற்று.

"உங்க கண்ணாடி கோணலா இருக்கு," என்றாள்.

கேட்காமலேயே கழற்றி வாங்கினாள். அதன் வலது காதுக் கம்பியை விரல் நுனியால் மெல்ல வளைத்து, திரும்ப மாட்டிவிட்டாள். எதிர்ச் சந்தில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையாம். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் பிழைப்பாம்.

"இத்தனை நாளா உலகத்தைச் சாய்ச்சே பார்த்திருக்கீங்க."

"நேரா பார்த்தா மட்டும் என்ன, நல்லாவா இருக்கப்போகுது?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, யாரோ கையை வைத்து மறித்ததுபோல.

அவன் டிரைவைச் செருகினான். ஒரே ஒரு வீடியோ. அழிக்கப் பார்த்தான், மறுத்தது. ஃபார்மட் கொடுத்தான், அதற்கும் மறுத்தது. சாகப்போகும் டிரைவ் சிலது இப்படித் தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்று அவளுக்குச் சொன்னான். படிக்க விடும். எழுத விடாது, அழிக்கவும் விடாது. உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் சிப்பின் இரண்டு உலோகக் கால்களை இடுக்கியால் இணைத்துப் பிடித்தபடி செருகினால் அது தன்னை மறந்துபோய் எழும். அப்போது புதிதாக எழுதிவிடலாம்.

"தன்னை மறந்துபோய்..." என்றாள் அவள். "செஞ்சிடுங்க. ஆனா உடைக்கக் கூடாது. வெளியில பார்த்தா அதேபோல இருக்கணும். உள்ள மட்டும் ஒண்ணும் இருக்கக் கூடாது."

மறுநாள் மாலை வரச் சொன்னான். அவள் போன பிறகும் மூலையில் குடையின் ஈரம் வெகுநேரம் காயாமல் இருந்தது. அவன் அதை இரண்டு மூன்று தடவை பார்த்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை அழிக்கச் சொன்னாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைப்பான். அழிக்கச் சொல்கிறவர்கள் பத்து நாளைக்குள் மனம் மாறித் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறான். பதினோராம் நாள் நகலையும் அழித்துவிடுவான். இதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பயப்படுவார்கள்.

நகல் நாற்பத்தோராவது நொடியில் நின்றது. அந்த இடத்தில் டிரைவ் பழுதாகியிருந்தது. சாதாரணமாக யாரும் அங்கே விட்டுவிடுவார்கள். அவனிடம் இருந்த மென்பொருள் பழுதைத் தாண்டிக் குதித்து, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்து, மறுநாள் மதியத்துக்குள் மிச்சத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. எழுபத்திரண்டு நொடி. சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தான்.

வாசல். மழை. ஓர் இளைஞன் பைக்கில் உட்கார்ந்து, ஒரு கையால் தலையைத் துவட்டிக்கொண்டே கேமராவுக்குப் பழிப்புக் காட்டுகிறான். அவளுடைய கண்களே அந்த இளைஞனுக்கும். கேமராவின் பின்னாலிருந்து ஒரு குரல், சிரிப்போடு: "சும்மா போடா. மழைக்கெல்லாம் கரைஞ்சிட மாட்டே." நேற்றுக் கேட்ட குரல்தான். அதுதான் நாற்பத்தோராவது நொடி.

அதற்குப் பிறகு, வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு இடுக்கியை எடுத்து, அவள் சொன்ன வேலையைச் செய்து முடித்தான். மாலையில் வந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடி நேராக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றான். 

எட்டாம் நாள் ஓர் அம்மா வந்தார்கள்.

மெலிந்து போன உடம்பு. ஆள்காட்டி விரலின் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. மேஜையில் வைத்தது அதே டிரைவ்.

தையற்காரி என்றார்கள். ஆறு மாதமாக மிஷினைத் திறக்கவில்லை என்றார்கள். மகன் மழையில் பைக்கில் போனவன், லாரிக்கு அடியில் போய்விட்டான். அவன் கிளம்பியபோது எடுத்த வீடியோவைத் தினமும் டிவியில் போட்டுப் பார்ப்பார்களாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் சில நாள் டிரைவையே காணோமாம். முந்தாநாள் கிடைத்துச் செருகினால், உள்ளே ஒன்றுமே இல்லையாம்.

"அது எப்பவும் முழுசா ஓடினதில்லப்பா. 'கரைஞ்சிட மாட்டே'ன்னு அந்தப் பாவி சொல்ற இடத்துல நின்னுடும். வேணும்னே சவுண்டை ஏத்தி வெப்பேன். கேக்கட்டும்னு. அதுக்கு மேல என் புள்ளை என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும். நான் உள்ள தச்சிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் காதுல விழல."

அந்தப் பாவி யார் என்று அவர்கள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. நாளைக்கு வாங்கம்மா என்று அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டி, தூறலில் எதிர்ச் சந்துக்குப் போனான்.

கண்ணாடிக் கடையில் வேறு யாரும் இல்லை. அவனைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அணைக்கப்போகிறவன் தான்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

நகல் இருப்பதைச் சொன்னான். ஓட்டிப் பார்த்ததையும் சொன்னான்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டுப் பார்த்தீங்க? சாவு வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற புத்தி எங்கே இருந்து வந்துச்சு உங்களுக்கு?" குரலை உயர்த்தவில்லை. போங்க என்றாள். அவன் நின்றான். போங்கன்னு சொன்னேன் என்றாள். அவன் அப்போதும் நின்றான்.

"அம்மா கடைக்கு வந்திருந்தாங்க," என்றான். "மிச்சத்தைக் கேக்கிறாங்க. குடுத்துடலாம். உங்க மேல தப்பே இல்லைன்னு தெரிஞ்சு போயிடும். அதுல இருக்கு. தம்பி அப்புறமும் பைக்கை விட்டு இறங்கத்தான் பார்த்தார். நாளைக்குப் போறேம்மான்னு சொல்றார். அவங்கதான் உள்ளேருந்து..."

"ஊசி உடைஞ்சு போச்சுடா, இன்னிக்கே வேணும்," என்றாள் அவள்.

மழை கண்ணாடிக் கதவில் வழிந்தது. 

"நான்தானே எடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

பிறகு அவளே சொன்னாள், கோபம் வடிந்த குரலில், லென்ஸைத் திரும்ப எடுத்துத் துடைத்துக்கொண்டே. அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது அது. அம்மாவுக்கு அது நினைவே இல்லை. பதினாறாம் நாள் அந்த வீடியோ வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார்கள். வீட்டில் கிடந்த பழைய டிரைவ் ஒன்றில் யாரோ ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். முதல் தடவை ஓட்டியபோது இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். தன் குரலோடு அது நின்றதும்தான் மூச்சு வந்ததாம். அன்றைக்கே தன் போனில் இருந்ததை அழித்துவிட்டாள். போன மாதம் ஒருநாள், டிவி நிற்காமல் இரண்டு நொடி தாண்டி ஓடிவிட்டது. இனி என்றைக்காவது முழுதாக ஓடிவிடும் என்ற பயத்தில்தான் டிரைவை எடுத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தாள்.

"அம்மாவால தாங்க முடியாது. யாரையாவது திட்டிக்கிட்டே இருந்தாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்குது. அது நானாவே இருந்துட்டுப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

 அவள் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

முப்பத்தாறு நொடிக்கு மேல் வெட்டிவிடுவதாக அவன் சொன்னான். தம்பியின் முகம் இருக்கும், சிரிப்பு இருக்கும். அவளுடைய குரல் இருக்காது, அம்மாவின் குரலும் இருக்காது. இவ்வளவுதான் மீட்க முடிந்தது என்று சொல்லிவிடலாம். நகலை அவள் கண் முன்னாலேயே அழித்துவிடுவதாகவும் சொன்னான்.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பாவம்?"

அவன் தரையைப் பார்த்தான். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

"இந்த வீடியோவோட மிச்சம் தெரிஞ்ச ஆள் உலகத்துல ரெண்டே பேர். நீங்க, நான். நீங்க தனியா தூக்கினது போதும். என்னால இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாது..." நிறுத்தினான். "உங்களைப் பார்க்காமலும் இருக்க முடியாது. அது வீடியோவைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. குடையை மடக்கினீங்களே, அப்பவே."

அவள் எழுந்து வந்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றினாள். அது நேராகத்தான் இருந்தது. இருந்தும் வளைத்து, துடைத்து, திரும்ப மாட்டினாள். விரல் அவன் காதோரம் ஒரு கணம் அதிகமாக நின்றது. கண்கள் நிறைந்திருந்தன, வழியவில்லை.

"நாளைக்கு அம்மா வருவாங்க. கோணலா இருந்தா பொய் சொல்றது தெரிஞ்சிடும்."

அம்மா மறுநாள் நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். அவன் திரையைத் திருப்பி வைத்து ஓட்டினான். வாசல். மழை. பைக். மகன் தலையைத் துவட்டினான், பழிப்புக் காட்டினான், சிரித்தான். சிரித்த வாயோடு படம் நின்றது.

அம்மா தழும்பு விரலால் திரையில் மகன் கன்னத்தைத் தொட்டார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். இன்னொரு தடவை. மூன்றாம் தடவை முடிந்ததும், முகம் துடைத்துக்கொண்டு, அந்தப் பாவி குரல் எங்கே என்று கேட்டார்கள்.

அவன் தயாராகத்தான் இருந்தான். கண்ணாடிகூட நேராக இருந்தது.

"உங்க பொண்ணு பேசின இடம் அழிஞ்சு போச்சும்மா. மீட்க முடியலை. இனிமே அது வராது."

அம்மா டிரைவை எடுக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்கள். அவன் முகத்தைப் பார்த்தார்கள். மகளைப் போலவே, நேராக, கண்களை.

"அது என் பொண்ணுன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே... நீ அவளுக்கு யாருப்பா?"