சத்தமில்லாமல் வந்த இரும்பன்

இயக்குநர் உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை. "படத்தோட முடிவை எவனோ வெளிய விட்டுட்டான் மேடம்," என்றார்.

துப்பறியும் மேடத்தின் உதவியாளரை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு படமென்றால் அவள் துள்ளிக் குதித்திருப்பாள். இதுவோ 'இரும்பன்' ஏழாம் பாகம். முதல் பாகத்திலிருந்து அந்த இயந்திர மனிதனின் கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டியவன் அவளுடைய சொந்த அண்ணன். மேடத்துக்கு அது தெரியும், இயக்குநருக்குத் தெரியாது.

இத்தனை வருடமாக அண்ணன் முகத்தைத் திரையில் யாரும் பார்த்ததில்லை. இந்தப் பாகத்தின் கடைசிக் காட்சியில்தான் இரும்பன் முகமூடியைக் கழற்றுகிறான். அம்மாவுக்கு இப்போதிருந்தே தலைகால் புரியவில்லை. அதற்குள் யாரோ குரலை மாற்றிப் பேசி ரகசியத்தை இணையத்தில் போட்டுவிட்டார்கள். கவசக்காரன்தான் பெருமை தாங்காமல் உளறிவிட்டான் என்றார் இயக்குநர். சாயங்காலத்துக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால், கிராபிக்ஸில் அவன் முகத்தை எடுத்துவிட்டு ஒரு பெரிய நடிகரின் முகத்தை வைத்துவிடப் போகிறாராம்.

மேடம் பதிவைக் கேட்டார். "நகரமே பத்தி எரியுது. நடுவுல இரும்பன் பூனை மாதிரி வந்து நிக்கிறான். முகமூடியைக் கழட்டுறான். புல்லரிச்சுப் போச்சு!"

இயக்குநரைத் தவிர அந்தக் காட்சியை முழுதாக அறிந்தவர்கள் மூன்றே பேர். முதலில் படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார்கள். அண்ணன் இரும்புக் காலணியோடு நடந்து காட்ட, தரை அதிர்ந்தது. காட்சி எடுத்த அன்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாக இயக்குநரே சொன்னார். இரும்பனுக்குக் குரல் கொடுப்பவரோ, அந்தக் காலடிச் சத்தத்துக்கு மேல் கத்தித் தொண்டை கட்டிப்போய்ச் சைகையில் புலம்பினார். மூன்றாமவர், காட்சிக்குத் தீ மூட்டும் கிராபிக்ஸ்காரர், தனி அறையில் இருந்தார். சுவரெல்லாம் பழைய இரும்பன் சுவரொட்டிகள். மேசையில் பெரிய பெரிய திரைகள் இருந்தன, ஒலிபெருக்கி ஒன்றுகூட இல்லை. பட்டாசு அதையெல்லாம் பார்த்தாள், ஆனால் அவள் மண்டைக்கு எதுவும் எட்டவில்லை.

சாயங்காலம் எல்லோரையும் முன்னோட்டத் திரையரங்கில் உட்கார வைத்தார் மேடம்.

"பதிவுல பேசினவர் இரும்பன் பூனை மாதிரி வந்தான்னு சொல்றார். அந்தக் காலணியைப் போட்டு நடந்தவர் அப்படிச் சொல்வாரா? அந்தச் சத்தத்தோட மல்லுக்கட்டிக் குரல் கொடுத்தவர் சொல்வாரா? உங்க தொழில்ல கிராபிக்ஸ் அறைக்குப் படம் மட்டும்தான் போகும், ஒலி போகாது. இரும்பன் சத்தமில்லாம நடந்தது அந்த ஒரே அறையிலதான்."

கிராபிக்ஸ்காரர் தலையைத் தொங்கப் போட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே இரும்பன் பைத்தியமாம். "யார்கிட்டயாவது சொல்லலேன்னா நெஞ்சே வெடிச்சிருக்கும் சார்," என்றார்.

"அப்போ உள்ள யாருன்னு ஏன் சொல்லல?" என்று உறுமினார் இயக்குநர்.

"முகத்தைப் பார்த்தும் யாருன்னு எனக்கே தெரியலையே சார்."

அண்ணன் முகம் சுருங்கியதைப் பட்டாசு பார்த்தாள். அந்த ஆளை ஓங்கி அறையலாம் போல் இருந்தது.

மேடம் கைபேசியை இயக்குநரிடம் நீட்டினார். உள்ளே இருப்பது எந்த நடிகர் என்று பதிவின் கீழே ரசிகர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பெயர் எதையும் விட்டுவைக்கவில்லை, ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவும் இல்லை. படிக்கப் படிக்க இயக்குநரின் கோபம் கரைந்தது. கிராபிக்ஸ்காரரை அப்புறம் கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு. உன் முகமே இருக்கட்டும்யா. எவனும் எதிர்பார்க்கல."

இயக்குநர் விளக்கை அணைக்கச் சொல்லி, கடைசிக் காட்சியை முழு ஒலியோடு ஓடவிட்டார். முதல் காலடி விழுந்ததும் கிராபிக்ஸ்காரர் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டார். தீக்கு நடுவே முகமூடி கழன்று அண்ணன் முகம் திரை முழுக்க நிறைந்தபோது, பட்டாசு வேலையையும் மரியாதையையும் மறந்து, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.