இரும்புக் கடைக்குப் போன ஆமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆமையைப் பழைய இரும்புக் கடையில் விட்டுவிடுவது என்று முடிவாகிவிட்டது.

ஆமை என்றால் நாலு கால் ஆமை இல்லை, நாலு சக்கர ஆமை! அப்பாவின் பச்சை நிறப் பழைய கார் அது. வயதில் அப்பாவுக்கே மூத்தது. அப்பா தையல்காரர். ஆறு வருடங்களாக விடுமுறை நாள் ஒன்று விடாமல் அதோடுதான் மல்லுக்கட்டினார். துருவைச் சுரண்டினார், பெயிண்ட் அடித்தார், இருக்கைகளுக்கு இரட்டைத் தையல் போட்டு உறை தைத்தார். ஓடாமல் கிடந்ததை ஓட வைத்தார். தெருவே வாயைப் பிளந்தது.

இரண்டு மாதங்களாகத்தான் ஆமைக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. சமர்த்தாகக் கிளம்பும். பத்து நிமிடம் ஓடியதும் இருமும், குலுங்கும், பொசுக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும். அப்பா எதைத்தான் மாற்றவில்லை? பெட்ரோல் பம்பை மாற்றினார், கார்புரேட்டரை மாற்றினார், வயரை எல்லாம் மாற்றினார். ஆமை மட்டும் மாறவில்லை.

போன வாரம் பாலத்தின் நடுவில் நின்று தொலைத்தது. பின்னால் ஓர் ஆம்புலன்ஸ்! அப்பா வியர்த்து விறுவிறுத்துக் காரைத் தள்ளி வழிவிட்டார். ஆம்புலன்ஸில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அப்பாவுக்கு மனம் விட்டுப்போயிற்று.

"போதும். என்னால ஒரு உயிர் போயிருக்கும்" என்றார். அதோடு யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஞாயிறு காலை அவர் கிளம்பும்போது, "நானும் வரேம்பா" என்றாள் மகள். அவளுக்கு வயது பத்து. வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"வந்து என்ன பாக்கப் போறே? சரி, ஏறு" என்றார் அப்பா.

அம்மா வாசல் வரை வந்தாள். கார்க் கண்ணாடியைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டாள். நொறுக்கப் போகிற காருக்குக் கண்ணாடி துடைத்து என்ன பயன்? அதை யாரும் கேட்கவில்லை.

சொல்லி வைத்ததுபோல் அதே பாலத்தில் ஆமை நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அப்பா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"கடைசி நாள்லயுமா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "பெட்ரோல் இருக்கான்னு பாரும்மா. இந்த முள்ளை நம்ப முடியாது."

டேங்க் மூடியைத் திறப்பது எப்போதும் வாலுவின் உரிமை. வெள்ளிபோலப் பளபளக்கும் அந்த மூடி, அப்பாவின் பிறந்த நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. அதற்காக ஒரு மாதம் ஐஸ்கிரீமைத் தியாகம் செய்திருந்தாள்! வழக்கமாக வீட்டில், கிளம்பும் முன்புதான் அதைத் திறப்பாள். வழியில் திறப்பது இதுதான் முதல் தடவை.

உஸ்ஸ்ஸ்!

டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. வாலு எட்டிப் பார்த்துவிட்டு இறுக்கி மூடினாள்.

"இருக்குப்பா."

அப்பா சாவியைத் திருகினார். கார் உடனே கிளம்பிவிட்டது.

"இரும்புக் கடைக்குப் போறதுன்னா மட்டும் எவ்வளவு அவசரம் பாரு இதுக்கு" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

வாலுவுக்குத் தொண்டை வறண்டது. பாட்டிலை வாயில் வைத்துத் தண்ணீரை உறிஞ்சினாள். உறிஞ்ச உறிஞ்ச பாட்டில் ஒட்டிப்போய்த் தண்ணீர் வருவது நின்றது. வாயை எடுத்தாள். உஸ் என்று காற்று புகுந்து, பாட்டில் பழையபடி உப்பியது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

டேங்கிலிருந்தும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று உள்ளே போக வழி இல்லாவிட்டால்? இந்தத் தொல்லை எப்போது ஆரம்பித்தது? அப்பாவின் பிறந்த நாளுக்குப் பிறகு. ஐயோ!

நான்தான். எல்லாம் என்னால்தான்.

இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் அப்பா இனி முகம் கொடுத்துப் பேசுவாரா? மூடியை யாருக்கும் தெரியாமல் தளர்த்தி வைத்துவிடலாமா? பெட்ரோல் சிந்தித் தீப்பிடித்தால்? பேசாமல் இருந்துவிட்டால் எதுவுமே வெளியே வராது. ஆனால் ஆமையும் இருக்காது.

இரும்புக் கடை வந்துவிட்டது. நசுங்கிய கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தடித்த கையுறை போட்ட கடைக்காரர் வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார்."

அப்பா இறங்கவில்லை. தான் தைத்த இருக்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அப்பா அழுது வாலு பார்த்ததே இல்லை.

"குடுக்காதீங்கப்பா!" என்று கத்தினாள். "மூடிதாம்பா காரணம்! நான் வாங்கிக் குடுத்த மூடி. அது காத்தை விட மாட்டேங்குது. காரைக் கெடுத்தது நான்தாம்பா!"

அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. கடைக்காரர் போய் மூடியைத் திறந்தார். உஸ்ஸ்ஸ்!

"அட! பழைய காருக்கு ஓட்டை இல்லாத மூடியையா மாட்டி வச்சீங்க? பெட்ரோல் எப்படி சார் வரும்? நீங்க இதைப் பாக்கலியா?"

அப்பா மூடியையே பார்த்தார்.

"சந்தேகமே வரலீங்க. என் பொண்ணு குடுத்தது. அதுல என்ன குறை இருக்கப் போகுதுன்னு இருந்துட்டேன்."

வாலு இன்னும் பெரிதாக அழுதாள். அப்பா இறங்கி வந்து அவள் கண்ணைத் துடைத்தார்.

"ஆறு வருஷமா கழட்டிப் பூட்டறேன். ஒரு மூடியைப் பாக்கத் தெரியல. இதுல யாரு அழணும், நீயே சொல்லு?"

கடைக்காரர் குவியலைக் கிளறி, ஓட்டை உள்ள பழைய மூடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்.

"காரை வாங்க உக்காந்திருந்தேன். இப்ப மூடியையும் குடுத்து அனுப்பறேன். நல்லா விளங்கும் என் வியாபாரம்!" என்று அலுத்துக்கொண்டார்.

பாலம் வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாலம் போயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. ஆமை இருமவே இல்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். காரைக் கண்டதும் ஓடி வந்தாள். கார் நிற்காமல் போயிற்று.

"என்னங்க! பிரேக்கும் போச்சா?" என்று அலறினாள்.

"இல்லை! நிறுத்த மனசு வரலை!" என்று கத்தினார் அப்பா. இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

தெருவை மூன்றாவது முறை சுற்றி வந்தபோதுதான் நிறுத்தினார். அதுவும் அம்மா ஏறிக்கொள்வதற்காக மட்டும்.