விட்ட இடத்திலிருந்து

சரக்குப் பெட்டகங்களையே கடைகளாக்கி வைத்திருந்த நாரின் நகரச் சந்தையின் கடைசி வரிசைக்கு சாய்ராகுல் வந்து சேர்ந்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையுறைக்குள் ஒரு பென் டிரைவை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதில் இருந்தது ஒரே ஒரு வீடியோ. மலைப்பாதையிலிருந்து ஆற்றில் உருண்ட பள்ளிக்கூட வேனோடு போய்விட்ட மகள் பெகாயிமின் முகமும் குரலும் மிஞ்சியிருந்தது அதில் மட்டும்தான். வீட்டிலிருந்த பழைய டி.வி. அதைத் திறக்கவே மறுத்தது.

"டி.வி.யில மாட்டுற சின்னப் பெட்டி வேணும் தம்பி. விலை கம்மியா."

கடைக்காரன் இஸ்ஹார் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்தான். "இதை வாங்குங்கக்கா. உலகத்துப் படமெல்லாம் வரும்."

"எங்க வீட்டுல நெட் இல்ல."

"அப்ப இது வெறும் செங்கல்லுதான்." சிரித்தபடி அடுத்ததை எடுத்தான். அது பென் டிரைவைப் படித்தது. படம் வந்தது, குரல் வரவில்லை. மூன்றாவது, பாதியில் நின்று போனது. சாய்ராகுலின் உதடு நடுங்குவதைப் பார்த்ததும் அவன் கேலியை விட்டுவிட்டான். மேசைக்கு அடியில் துழாவி, உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மாட்டினான்.

திரையில் பெகாயிம் எண்ணெயில் பொரிக்கும் போர்சோக் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூக்கில் மாவு. திரும்பிச் சிரித்தாள்.

"அம்மா, இங்க பாரேன்!"

சாய்ராகுல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ வித்துட்டுப் போனது. பழசுக்கா, ஆனா எதைப் போட்டாலும் ஓட்டும்" என்றான் இஸ்ஹார் மெதுவாக. "நிறுத்தின இடத்தை ஞாபகம் வச்சிருக்கும். மறுபடி போட்டா, விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிக்கும்."

கணவன் அசன்குல் நிலக்கரி லாரியோடு வெளியூர் போயிருந்தான். அன்று முழுக்க அவள் அடுப்பில் கரிகூடப் போடாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் வீடியோவை முடிவு வரைக்கும் ஓடவிட்டுத்தான் அணைத்தாள்.

காலையில் போட்டபோது அது நடுவிலிருந்து தொடங்கியது.

"அம்மா" என்ற சொல்லுக்குச் சற்று முன்னாலிருந்து.

கை தவறி அழுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். முடிவு வரை பார்த்தாள், அணைத்தாள். பால் வாங்கி வந்து போட்டாள். மறுபடியும் அதே இடம். ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அப்போதும் அதே இடம். வீட்டில் யாரோ அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். அவள் ஒரு தட்டில் ரொட்டியும் ஆப்ரிகாட் ஜாமும் எடுத்து, பெகாயிமின் அறைக்குள் கட்டில்மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மாலை. டி.வி. அணைந்திருந்தது. வெளிச்சம் மங்கி, சன்னலில் பனி நீலமாகிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைச் சேற்றின் வாடை எங்கிருந்தோ வந்தது. ஆறு உறைந்து கிடக்கிற மாதத்தில்.

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

"...ம்...ஆ..."

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.

அவள் கதவில் நெற்றியை வைத்து அழுதாள். "சொல்லு கண்ணு. இன்னொரு தடவை சொல்லு."

"...அம்...ஆ..."

அடுத்த நாள் குரல் இன்னும் தெளிந்தது. அதற்கடுத்த நாள் முழுச் சொல்லும் வந்தது. தட்டில் வைத்த ரொட்டி மட்டும் தொடப்படாமல் காய்ந்துகொண்டிருந்தது.

அசன்குல் வந்தான். காலணியைக்கூடக் கழற்றவிடாமல் இழுத்துப் போய் அவனைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, பேசாம நில்லுங்க. கேளுங்க."

உள்ளிருந்து வந்தது. "அம்மா."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைச் சமையலறைக்கு இழுத்து வந்தான்.

"எத்தனை நாளா?"

"மொதல்ல திக்கித் திக்கித்தாங்க வந்துச்சு. இப்ப நல்லா சொல்றா."

"சாய்ரா..." அவன் அவள் தோளைப் பிடித்தான். "நம்ம பொண்ணுக்கு அந்த வார்த்தை தெரியும்டி. அவ எதுக்கு அதைக் கத்துக்கணும்?"

அவனுக்கு முன்னாலேயே, முதல் நாளே, அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அவன் பெட்டியைப் பிடுங்கினான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாங்க! எதுவா வேணா இருக்கட்டும்! அந்தக் குரல் போதுங்க எனக்கு!" அவன் உதறிவிட்டு முற்றத்துக்குப் போனான். கோடரியின் பின்புறத்தால் பெட்டியை நொறுக்கினான். அவள் மறிப்பதற்குள் பென் டிரைவையும். துண்டுகளை அடுப்பில் கொட்டினான். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வீடெல்லாம் பரவியது.

பிறகு அமைதி.

அவன் அறையைத் திறந்து பார்த்தான். கட்டில், காய்ந்த ரொட்டி; வேறொன்றும் இல்லை. வெளியே வந்து கதவின் கொக்கியை மாட்டினான். அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். "நாளைக்கே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். லாரியில இடம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மண்வாரியால் அவன் பனியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

சாய்ராகுல் தரையிலேயே கிடந்தாள். இனி அந்த முகத்தை எதில் பார்ப்பாள்? எந்தப் பெட்டியை வாங்கி எதை ஓட்டுவாள்?

சேற்று வாடை அடித்தது.

"அம்மா."

திக்கல் இல்லை. தண்ணீர் இல்லை. பெகாயிமின் குரலேதான்.

"அம்மா, அப்பா வெளிய போயிட்டாரா?"

அந்தக் கேள்வி வீடியோவில் எங்குமே கிடையாது.

சன்னல் வழியே பார்த்தாள். அசன்குல் வாசலுக்கு அப்பால், முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். ஒரு சத்தம் போட்டால் ஓடி வந்துவிடுவான்.

அவள் சத்தம் போடவில்லை. தவழ்ந்து போய்க் கொக்கியை எடுத்துவிட்டாள்.

"போயிட்டாரு கண்ணு" என்று கிசுகிசுத்தாள். "வா."

கதவு மெல்ல உள்பக்கமாகத் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்ட விரல்கள் ஈரமாக இருந்தன. ஒரு குழந்தையின் விரல்களைவிட அவை மிக நீளமாக இருந்தன.